அரைக் குழி

முப்பத்தைந்து வருசம்
மற்றவர் காணிக்குக் கோடு போட்டவன் நான்.
கதியாலுக்கும் கதியாலுக்கும் நடுவே
சங்கிலி இழுத்து, கல் நட்டு,
இரண்டு பக்கத்தாரிடமும் ஏச்சு வாங்கி
பென்சன் எடுத்தவன்.
கோடென்றால் எனக்கு நேர்.

அதனால்தான்
கொழும்புத்துறை வாசிகசாலை மேல்மாடியில்
புதன் மூன்று மணிக்கு
"கடதாசியைப் பாராமல் கீறுங்கோ" என்று
துஷாந்தினி சொன்னபோது
அடிமட்டத்தைத் தேடினேன்.

அவள் ஓவியக்காரி.
விரலிடுக்கில் நீலம் காய்ந்தபடி வருவாள்.
குழந்தைப்பிள்ளையோடு கதைப்பதுபோல்
எங்களோடு ஒருநாளும் கதைத்ததில்லை.
பிழையென்றால் பிழை.
"இது பஞ்சிக் கோடு ஐயா.
பார்த்ததைக் கீறேல்லை, தெரிஞ்சதைக் கீறியிருக்கிறியள்."
எழுபத்தாறு வயதில்
ஒருத்தி என்னைத் திருத்துகிறாள்.
எனக்கது பிடித்திருந்தது.

மூன்றாம் கிழமை
கதிரைகளைச் சோடியாகத் திருப்பிவிட்டாள்.
எதிரே இருப்பவரின் முகம். பத்து நிமிடம்.
கண்ணை எடுக்கக் கூடாது.

என் எதிரே மரியநாயகம்.

எழுபத்தொன்பதில் அவன் வளவை அளந்தது நான்.
அரைக் குழி பக்கத்து வீட்டுக்குப் போனது,
அதில் நின்ற முருங்கையும்.
அதன்பின் மீன்சந்தையில்,
செத்த வீடுகளில்,
இடம்பெயர்ந்து நின்ற ஒரே தண்ணீர் வரிசையில்கூட
அவன் என்னைக் கண்டதில்லை.

இப்போது காண வேண்டியிருந்தது.

கிளினிக்கில் பிறஷர் மிசினைப் பார்க்கிறார்கள்.
மகன் ரொறன்ரோவிலிருந்து
திரை மூலையில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டே
சாப்பிட்டீங்களோ என்கிறான்.
பூமணி போனபிறகு
ஒரு மனித முகம் என் முன்னே
பத்து நிமிடம் நின்றதில்லை.
நின்றது இவன் முகம்.
என் புருவத்து வெட்டை,
சவரத்துக்குத் தப்பிய மூன்று மயிரை,
ஒவ்வொன்றாய் எடுத்துக்கொண்டு போனான்.
விட்டுக் கொடுத்தேன்.

என் கை நடுங்கியது,
மாத்திரைக்கும் அடங்காத நடுக்கம்.
அழிறப்பரை எடுத்தேன்.
துஷாந்தினி அதை வாங்கித் தன் பையில் போட்டாள்.
"அவற்றை கன்னம் அப்பிடித்தானே இருக்கு?"
பார்த்தேன்.
உப்புக்காற்றில் வெந்த தோல்.
அதில் ஓரிடத்திலும் நேர்கோடில்லை.

நேரம் முடிந்தது.
அவன் கீறிய என் மூக்கு
அவன் கடதாசியைத் தாண்டி, மேசையில் இறங்கி,
என் கடதாசி ஓரத்தில் வந்து நின்றது.

"எல்லை தாண்டிட்டாய்" என்றேன்.

நாற்பத்தாறு வருசம் கழித்து
அவன் வாய் திறந்தான்:
"அரைக் குழிதானே."

திலகவதி ரீச்சர் சிரித்த சிரிப்பில்
இழுப்பு வந்து
பம்மைத் தேட வேண்டியதாயிற்று.

போன கிழமை ஒரு பெடியன் படிவத்தோடு வந்தான்.
கடந்த இரண்டு கிழமையில் மன அமைதியாக உணர்ந்தது:
எப்போதும், அடிக்கடி, சிலவேளை, இல்லை.
சதுரங்கள் ஒரே அளவில் இருந்தன, மெச்சினேன்.
எதற்குள் புள்ளடி போட?
விடியச் சாமம் மூன்றுக்கு இன்னும் விழிப்பு வருகிறது.
முழங்கால் அதே முழங்கால்.
ஆனால்
செவ்வாய் இரவு பென்சில் சீவி வைக்கிறேன்.
காலையில் கண்ணாடி முன்னே
இந்த நாடி எங்கே திரும்புகிறதென்று நிற்கிறேன்,
பின்னால் வாளி நிறைந்து வழிகிறது.
அதற்குச் சதுரம் வைக்கவில்லை.
படிவத்தின் பின்பக்கத்தில்
பெடியனின் காதைக் கீறிக் கொடுத்துவிட்டேன்.
நல்ல காது.

நாளைக்கு நிறம்.
பச்சையாய் ஏதாவது கொண்டுவரச் சொல்லியிருக்கிறாள்.
மரியநாயகம் முருங்கைக்காய் கொண்டு வருவானாம்.
எந்த வளவில் பிடுங்கியதென்று
நான் கேட்கப் போவதில்லை.